விடுப்பு இருக்கிறது, எடுப்பவர்தான் இல்லை

மனிதவளத் துறையில் இருந்தபோது ஊழியர்களின் தன்னார்வப் பணிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கேட்டு வாங்கியதில்லை. முன்பு பார்த்தவர் வேலையை விட்டுப் போக, அவருடைய மேசையோடு சேர்ந்து அதுவும் எனக்கு வந்துவிட்டது.

விதிமுறை ஏற்கெனவே இருந்தது: ஆண்டுக்குச் சில நாட்கள், தன்னார்வப் பணிக்குப் போகச் சம்பளத்தோடு விடுப்பு. இது புதிய யோசனையும் அல்ல. காலணி தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான டிம்பர்லேண்ட் 1992-லேயே சேவைக்கென்று சம்பள நேரம் கொடுக்கத் தொடங்கியது. 1999-இல் பிறந்த மென்பொருள் நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸ், பங்கு, தயாரிப்பு, ஊழியர் நேரம் மூன்றிலும் தலா ஒரு சதவீதத்தைச் சமூகத்துக்கு ஒதுக்கியது. அங்கே ஆண்டுக்கு 7 நாட்கள், அதாவது 56 மணி நேரம் எடுக்கலாம். எங்களிடம் அவ்வளவு தாராளம் கிடையாது. கொடுத்த கொஞ்சத்தையும் பெரும்பாலோர் தொடவே இல்லை.

'ஆர்வம் குறைவு, போஸ்டர் ஒட்டுங்கள்' என்றது நிர்வாகம். ஒட்டினோம், மெயிலும் அனுப்பினோம். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொரு குழுவாகப் போய் உட்கார்ந்து பேசினேன். தவறாமல் ரத்ததானம் செய்கிறவர், பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பவர், ஞாயிறுதோறும் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருபவர் என்று ஆட்கள் ஏராளம். எல்லாம் சொந்த நேரத்தில், அலுவலகத்துக்குத் தெரியாமல். பிறகு ஏன் விடுப்பு எடுப்பதில்லை? ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எடுக்கலாம் சார். ஆனா அன்னிக்கு வேலை அப்படியேதான இருக்கும்? ராத்திரி உட்கார்ந்து நான்தான முடிக்கணும்?"

கோளாறு அங்கேதான். நாளைக் கொடுத்தோம், அந்த நாளின் வேலையைக் கழிக்கவில்லை. 'போயிட்டு வாங்க' என்று வாயால் சொல்லும் மேலாளர், டெட்லைனைப் பற்றி மூச்சுவிட மாட்டார். அதனால் மாதத் திட்டம் போடும்போதே அந்த நேரத்தைக் கழித்துவிடச் சொன்னோம். விண்ணப்பத்தில் 'அன்று இவர் வேலையைப் பார்ப்பவர் யார்?' என்று ஒரு வரி சேர்த்து, அதை மேலாளரே நிரப்ப வேண்டும் என்றோம். முழு நாளாக இல்லாமல் மணிக்கணக்கிலும் எடுக்கலாம் என்று மாற்றினோம். ஒரு குழுத் தலைவர் தானே விடுப்பு எழுதிப் போனார். அவர் குழுவில் அதற்குப் பிறகு நான் யாரையும் தூண்ட வேண்டியிருக்கவில்லை.

எனக்குக் கடைசிவரை ஒட்டாத ஒன்று, ஒரு நாள் கூத்து. டிசம்பர் 5, ஐ.நா. பொதுச்சபை 1985-இல் அறிவித்த சர்வதேசத் தன்னார்வலர் தினம். அன்று ஒரே நிற டி-ஷர்ட், பேனர், செல்ஃபி. ஒரு இல்லத்தின் சுவருக்கு வண்ணம் அடிக்கக் கேட்டபோது அதை நடத்துகிற அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "போன கம்பெனிக்காரங்க அடிச்சதே இன்னும் நல்லாத்தான் இருக்கு." அவருக்குத் தேவைப்பட்டது கணக்குப் புத்தகங்களை ஒழுங்குபண்ண ஓர் ஆள். எங்கள் கணக்குப் பிரிவில் யாரோடும் அதிகம் பேசாத ஒருவர் போனார். வாரத்துக்கு ஒரு மாலை, மாதக்கணக்கில். படம் எடுக்க அதில் ஒன்றுமில்லை என்பதால் நிறுவனச் செய்தி மடலில் அது வரவே இல்லை.

பங்கேற்பு கூடியதும் மேலிடத்துக்கு இன்னொரு யோசனை வந்தது: ஊழியரின் வேலையை மதிப்பிடும் அப்ரைசலில் இதற்கு மதிப்பெண். நான் எதிர்த்தேன். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்கிற ஊழியருக்கு மாலையில் எங்கும் போக முடியாது. அவருக்கு எதற்குக் குறைந்த மதிப்பெண்? மதிப்பெண்ணுக்காக வருகிறவர்களை வைத்துக்கொண்டு அந்த இல்லங்கள்தான் என்ன செய்யும்? கூட்டத்தில் பாதி ஜெயித்தேன். மதிப்பெண் யோசனை போனது, பங்கேற்றவர்களுக்குச் சான்றிதழ் என்பது மட்டும் தங்கிவிட்டது.

ஷிஃப்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. வாடிக்கையாளர் அழைப்பை எடுக்கிற இருக்கையில் ஆள் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட விட முடியாது, மாற்று ஆளுக்குப் பட்ஜெட் இல்லை என்றார்கள். நான் அந்த வேலையை விடும்வரை, மாற்று ஆள் கேட்ட கோரிக்கை ஒப்புதலுக்காகவே காத்திருந்தது.