பொலிஸ் நிலைய வாங்கிலிருந்து பார்த்த ஜேன் டெனிசன்

பொலிஸ் தொடர் என்றால் எல்லாரும் காத்திருப்பது விசாரணை அறைக் காட்சிக்குத்தான். சந்தேகநபர் மேசைக்கு அந்தப் பக்கம், அதிகாரி இந்தப் பக்கம், நடுவில் ஒலிப்பதிவுக் கருவி. நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தராக நீண்ட காலமாக வேலை செய்கிறேன். முறைப்பாடு கொடுக்க வரும் பெண்களோடு பொலிஸ் நிலைய வாங்கில் குந்தியிருப்பது என் வேலையில் பெரிய பங்கு. அங்கே இருந்து நான் விளங்கிக்கொண்டது, வழக்கின் பாதி விதி அந்தப் பெண் முதல் தடவை வாய் திறக்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது என்பது. 'பிரைம் சஸ்பெக்ட்' என்ற பழைய பிரித்தானியத் தொடர் எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம். அதை எழுதியவருக்கு இது தெரிந்திருக்கிறது.

லண்டனில் இருக்கும் என் மச்சாள் சொல்லித்தான் அதைப் பார்த்தேன். 1991 ஏப்ரலில் ஐடிவி தொலைக்காட்சியில் முதல் தொடர் வந்தது. லிண்டா லா பிளான்ட் எழுதியது. ஹெலன் மிர்ரன் நடித்த ஜேன் டெனிசன், லண்டன் பொலிஸில் துப்பறியும் தலைமை இன்ஸ்பெக்டர். ஜாக்கி மால்டன் என்ற உண்மையான பெண் அதிகாரியின் அனுபவங்களிலிருந்து உருவான பாத்திரம். 2006 வரை ஏழு தொடர்கள் வந்தன. தகுதி இருந்தும் கொலை வழக்குகள் டெனிசனைத் தாண்டி ஆண்களுக்கே போகின்றன. ஒரு வழக்கை நடத்திக்கொண்டிருந்த அதிகாரி மாரடைப்பில் இறந்துபோக, அதை இவர் கேட்டு வாங்குகிறார். இறந்தவரை நேசித்த அந்தக் குழுவுக்கு இவர் முகத்தைக் காணவே பிடிக்கவில்லை.

வந்ததும் டெனிசன் கோவையை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறார். அப்போதுதான் தெரிகிறது, செத்துக்கிடந்த பெண்ணின் அடையாளமே பிழை என்று. பாலியல் தொழில் செய்த வேறொரு பெண்ணின் பெயரில் அந்த உடலைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு குழு முழுதும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இடத்தில் தொடரை நிறுத்திவிட்டு இருந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த பல கோவைகள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

எங்கள் பக்கத்தில் பெயர் பிழைக்க எத்தனையோ வழி இருக்கிறது. அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது ஒன்று. திருமணம் பதியாததால் கணவன் பெயரைச் சேர்ப்பதா விடுவதா என்ற குழப்பம் வேறு. பெயரை விடுங்கள், நடந்த சம்பவமே பிழையாகப் பதிவாகும். ஒரு பொலிஸ் நிலையத்தில் (எது என்று எழுதப்போவதில்லை) படுவான்கரையிலிருந்து வந்த ஒரு தாய், கணவன் விறகுக் கட்டையால் அடித்ததைத் தமிழில் விளக்கமாகச் சொன்னார். அன்று கடமையிலிருந்தவர் அதைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார். பிரதி எடுத்துப் பார்த்தால் குடும்பத் தகராறு என்ற அளவில்தான் இருந்தது. விறகுக் கட்டை எங்கேயும் இல்லை. வழக்கு விளக்கத்துக்கு வந்தபோது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அப்படி அடித்திருந்தால் அன்றைக்கே பொலிஸில் சொல்லியிருப்பீர்களே? அந்த அம்மா திரும்பத் திரும்ப, "சொன்னனான் ஐயா, சொன்னனான்" என்றார். சொன்னதற்குச் சாட்சி அவர் மட்டும்தான்.

இப்படி எழுதி அனுப்பச் சட்டம் இடம் வைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. வாக்குமூலத்தை எழுதியபின், சொன்னவருக்கு விளங்கும் மொழியில் அதை எடுத்துச் சொல்லவேண்டும், விளக்கம் சொல்லவும் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று. இருந்தும் அந்த நேரத்தில் தமிழில் எழுதக்கூடிய ஒருவர் கடமையில் இல்லையென்றால் இந்த இரண்டு ஏற்பாடும் அந்தத் தாய்க்கு எட்டாமல்தான் போகின்றன.

இப்போது மற்றப் பக்கத்தைச் சொல்கிறேன். இதே மாவட்டத்தில் இன்னொரு நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகத்தில் ஒரு தமிழ்ப் பெண் கான்ஸ்டபிள் இருந்தார். அவரிடம் ஒரு இளம்பெண்ணைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கணவன் வெளிநாட்டில், கணவனின் உறவுக்காரர் ஒருவரால் இவளுக்குப் பாலியல் வன்முறை. நாங்கள் வந்தது தெரிந்து கணவன் வீட்டு மாமா ஒருவரும் பின்னாலேயே வந்து, பொறுப்பானவர் போலப் பக்கத்தில் நின்றுகொண்டார். பிள்ளை தலையைக் குனிந்தபடியே இருந்தாள்.

கான்ஸ்டபிள் பேனையை மூடி வைத்தார். "மாமா, நீங்க போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க. இங்க நேரம் செல்லும்." அவர் பரவாயில்லை, நிற்கிறேன் என்றார். "இல்ல மாமா, நீங்க நிண்டா நான் எழுதமாட்டன்." குரல் உயரவேயில்லை. அவர் போன பிறகு கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "தங்கச்சி, காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று தொடங்கினார்.

எப்போது தொடங்கியது என்ற கேள்விக்குப் பிள்ளைக்குத் திகதி தெரியவில்லை. பயந்துபோய் இருக்கும் ஒருத்திக்குத் திகதி எப்படித் தெரியும்? பல நிலையங்களில் இந்த இடத்தில்தான் ஒரு குத்துமதிப்பான திகதியை எழுதிவிட்டுப் போவார்கள். பிறகு நீதிமன்றத்தில் அந்தத் திகதியே வழக்கைக் கவிழ்க்கும். இவர் அப்படி எழுதவில்லை.

"முன்மாரி வெட்டு முடிஞ்சிட்டா அப்ப?"

"வெட்டு முடிஞ்சு, சூடடிச்சுக்கொண்டிருந்தாங்க அக்கா."

"பொங்கல் முடிஞ்சுதானே?"

"ஓம். சிவராத்திரிக்கு முதல் கிழமை. மாமி கோயிலுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தா, வீட்ட ஒருத்தரும் இல்ல."

கான்ஸ்டபிள் அதை அப்படியே எழுதினார். சிவராத்திரிக்கு முதல் கிழமை, மாமி சாமான் வாங்கப் போன நேரம் என்று. கலண்டரைப் பார்த்துத் திகதியைப் பக்கத்தில் தனியாகக் குறித்தார். பிள்ளை அழுத இடங்களில் நிறுத்தினார், அழுகை அடங்கும் வரை அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. எழுதி முடித்துத் தமிழில் முழுவதையும் வாசித்துக் காட்டினார். பிள்ளை இரண்டு இடத்தில் திருத்தினாள். திருத்தியதற்கும் கையெழுத்து வாங்கினார். கடைசிச் சம்பவம் நடந்து சில நாட்கள்தான் ஆகியிருந்ததால், சட்ட வைத்திய அதிகாரிக்கான படிவத்தையும் அன்றைக்கே நிரப்பி, தானே கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போனார். மதியச் சாப்பாட்டுப் பெட்டி மேசையில் திறக்காமலே கிடந்தது.

டெனிசனின் உறுதி மேலதிகாரிகளோடு மோதும் காட்சிகளில் பளிச்சென்று தெரியும், அதற்குத்தான் கைதட்டல். எனக்குப் பிடித்த டெனிசன் வேறு. ஆண் பொலிஸாரிடம் வாய் திறக்காத பெண்களோடு இருந்து அவர்கள் கதையைக் கேட்கும் டெனிசன். சந்தேகநபரோடு வாழும் பெண் அவனுக்காகப் பொய் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவள் வாய் திறந்த பிறகுதான் வழக்கு நகர்கிறது. எங்கள் ஊர்களிலும் மாமி, மதினி, சில வேளை பெற்ற தாயே அப்படிக் காவல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். அவர்களை எதிரியாக வைத்துக்கொண்டு ஒரு வழக்கையும் கொண்டுபோக முடியாது. பயத்தில் காவல் நிற்பவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.

அந்தத் தொடரில் எனக்கு ஒப்பாத ஒன்றும் உண்டு. போகப் போக டெனிசனிடம் குடியும் தனிமையும்தான் மிஞ்சுகின்றன. உறுதியான பெண் என்றால் வீடு வாசல் எல்லாவற்றையும் இழந்துதான் ஆகவேண்டும் என்று ஏன் வைத்தார்கள்? நான் அறிந்த பெண் பொலிஸாருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ அம்மா ஒருவர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், இவர்கள் லீவு கிடைக்கும்போது பஸ் ஏறி ஓடுகிறார்கள். அந்த அம்மாமார் இல்லாமல் ஒரு பணியகமும் நடக்காது. ஆனால் பதவி உயர்வில் டெனிசன் பட்டது இங்கேயும் உண்டு. பிம்ஷானி ஜாசிங்க ஆரச்சி 2020இல்தான் இலங்கையின் முதல் பெண் பிரதிப் பொலிஸ் மாஅதிபரானார். அதை எதிர்த்து ஆண் அதிகாரிகள் உயர் நீதிமன்றம் போனார்கள்.

பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுண்டு: "என்றி மட்டும் போட்டுக்கொண்டு போங்க" (முறைப்பாட்டை வெறும் பதிவாகப் போட்டுவிட்டுப் போங்கள்) என்று யாராவது சொன்னால் அதோடு எழும்பி வராதீர்கள். வீட்டு வன்முறை என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்களுக்காகப் பொலிஸ் அதிகாரியே விண்ணப்பிக்கவும் முடியும். கட்டளை 12 மாதம் வரை நிற்கும். யாரையும் தெரியாதென்றால் பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கமான 1938க்கு எடுங்கள்.

தொடரில் குற்றம் சாட்டியதும் கதை முடிகிறது. இங்கே நீதவான் நீதிமன்றம், பிறகு சட்டமா அதிபர் திணைக்களம், பிறகு மேல் நீதிமன்றம் என்று வருடங்கள் போகும். அதற்குள் எழுதியவருக்கு இடமாற்றம் வந்துவிடும். புதிதாக வருபவருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது, அவள் அழுதது தெரியாது. அவர் கையில் இருப்பது அந்தப் பக்கங்கள் மட்டும்தான். அதனால்தான் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதைக் கண்டால் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

அந்தப் பிள்ளையின் வழக்கு இப்போது மேல் நீதிமன்றத்தில் நடக்கிறது. குறுக்கு விசாரணையில் திகதியைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் கேட்டார்கள். அவள் நேரே பார்த்து, சிவராத்திரிக்கு முதல் கிழமை, மாமி சாமான் வாங்கப் போன நேரம் என்றாள். வாக்குமூலத்திலும் அதே வசனம் இருந்ததால் அந்தக் கேள்வியை அவர்களால் மேலே கொண்டுபோக முடியவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போன கான்ஸ்டபிள் அடுத்த தவணையில் சாட்சி சொல்ல வருகிறார். அன்றைக்கு நானும் லீவு போட்டிருக்கிறேன்.