பல்லுக்குப் போட்ட ஊசி கண்ணைப் பாதிப்பது எப்படி? வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) நான் படித்த விதம்

மரப்பு ஊசியின் சிக்கல்களைக் கேட்டால் ஊசி முறிவு, ஹீமடோமா (ரத்தக்கட்டு), டிரிஸ்மஸ் (வாய் திறக்க முடியாமை) என்று எல்லோரும் அடுக்கிவிடுவோம். கண் பக்கம் கேள்வி திரும்பினால்தான் தடுமாற்றம். அறிகுறிகளை மட்டும் மனப்பாடம் செய்தால் மனதில் நிற்காது. மருந்து கண்ணுக்குப் போகும் வழிகளை ஒரே தாளில் வரைந்து, அந்தப் படத்தை வைத்தே பதில் சொல்லப் பழகினேன்.

முதலில் தமனி வழி. கீழ்த்தாடை பிளாக்கில் (நரம்பை மரக்கச் செய்யும் ஊசியில்) ஊசி முனை கீழ்ப்பற்களுக்குப் போகும் இன்ஃபீரியர் ஆல்வியோலார் தமனிக்குள் போய், வேகமாகவும் அழுத்திவிட்டால், மருந்து ரத்த ஓட்டத்துக்கு எதிராக அதன் தாய்க்குழாயான மேக்சிலரி தமனிக்கு ஏறும். அங்கிருந்து மூளையுறைக்குப் போகும் மிடில் மெனின்ஜியல் தமனி. அதன் கிளை கண்குழியிலுள்ள லாக்ரிமல் தமனியோடு இணைந்திருந்தால் கண்குழிக்குள்ளேயே போய்விடும். இந்த இணைப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முகத்தோல் வெளுப்பது, இரட்டைப் பார்வை, அரிதாகப் பார்வையே போவது, எல்லாம் ஊசி போட்ட உடனே தெரியும்.

மேல்தாடையில் பிஎஸ்ஏ பிளாக் (மேல் கடைவாய்ப் பற்களின் நரம்புக்கான ஊசி) போடும்போது வேறு கதை. மருந்து மேல்தாடைக்குப் பின்னாலுள்ள டெரிகோபாலட்டைன் குழி வழியாகப் பரவி, கண்குழியின் அடியிலுள்ள இன்ஃபீரியர் ஆர்பிட்டல் பிளவில் நுழைந்து, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் அப்டூசென்ஸ் நரம்பை மரக்கச் செய்யும். கண் வெளிப்பக்கம் திரும்பாது. இது சில நிமிடம் கழித்தே வரும். அதனால் கேஸ் ஒன்றைக் கொடுத்தால் "எப்போது ஆரம்பித்தது?" என்று முதலில் யோசியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. சிரை வழி, சிம்பதெடிக் (தானியங்கி நரம்பு) வழி இரண்டுக்கும் ஒவ்வொரு வரி போதும்.

பலர் குழம்பும் இடம் இமை. இமை தொங்கி, கண்ணின் பாப்பா சுருங்கியிருந்தால் ஹார்னர் (சிம்பதெடிக் நரம்பு மரத்ததால் வருவது). இமை தொங்கி, பாப்பா விரிந்திருந்தால் கண்ணை அசைக்கும் மூன்றாம் நரம்பு மரத்திருக்கிறது. இமை மூடவே முடியவில்லை என்றால் மருந்து காதுக்கு முன்னாலுள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய் முகநரம்பு மரத்திருக்கிறது, கண்குழிக்குச் சம்பந்தமே இல்லை.

அப்புறம் சிகிச்சை: தைரியம் சொல்லி, கண்ணை காஸ் (மருத்துவத் துணி) வைத்து மூடி, வண்டி ஓட்டவிடாமல் துணையோடு அனுப்புவது. மரப்பு விட்ட பிறகும் நீடித்தால் கண் மருத்துவர். பார்வை போயிருந்தால் காத்திருக்காமல் உடனே. தடுப்புக்கு ஆஸ்பிரேஷன் (மருந்து செலுத்தும் முன் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது), நிமிடத்துக்கு 1 மி.லி. வேகம். "ஆஸ்பிரேஷனில் ரத்தம் வரவில்லை, பயமில்லையா?" என்று தேர்வாளர்கள் அடுத்து மடக்குவார்கள். ஊசியின் சாய்முனை ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்தாலும் ரத்தம் வராது. ஊசியைச் சற்றுத் திருப்பி இன்னொரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.