கோடையில் வயிறு குளிர்ந்துதான் கிடக்கிறது

கரூர் பரமத்தியில் ஏப்ரல் பிறந்தாலே வெயில் 40 டிகிரியைத் தொட்டுப் பார்க்கும். ஈரோடும் சளைத்ததில்லை. வெளியே போய்விட்டு வந்தவர் கை நேராக ஃப்ரிட்ஜுக்குத்தான் போகும். அந்த இடத்தில்தான் 'ஜில்லென்று வேண்டாம்' என்று தடுக்கிறது சீனப் பாரம்பரிய மருத்துவம்.

நம்ம ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், மார்கழியில் வெதுவெதுப்பாக இருக்கும். உடம்பும் அப்படித்தான் என்கிறார்கள் சீன வைத்தியர்கள். கோடையில் 'யாங்' எனும் சூட்டாற்றல் தோல் பக்கம் வந்து வியர்வையை வெளியே தள்ளுகிறது. மேலே ஏறிய அளவுக்கு வயிற்றில் சூடு குறைகிறது. அதில் ஐஸையும் கொட்டினால் 'மண்ணீரல்' சோர்கிறது (செரிமானம் முழுவதற்கும் அவர்கள் வைத்த பெயர் இது, நாம் சொல்லும் உறுப்பு மட்டுமல்ல). பசி மந்தம், வயிறு உப்புசம், இளகின மலம், நாக்கில் தடித்த வெள்ளைப் படிவு எல்லாம் அதன் அடையாளம்.

குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி என்று சீனத்தில் ஒரு வழக்கே உண்டு. காலையில் 2 மெல்லிய இஞ்சித் துண்டு போட்ட சுடுதண்ணீர் போதும். இரவில் வேண்டாம். வாய்ப்புண், மூலம், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம்.

சீனர்களுடைய முதன்மையான கோடைப் பானம் பச்சைப்பயிற்று நீர். 1.5 லிட்டர் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு, கழுவிய பயிறு 100 கிராம் போட்டு மூடி 8 முதல் 10 நிமிடம் வேகவிட்டு, தோல் வெடிக்கும் முன் வடித்துவிடுங்கள். இளம்பச்சையாகத் தெளிந்து நிற்பதுதான் வெக்கை தணிக்கும் நீர். பலருக்கு இது செம்பழுப்பாகிவிடும். பயிறு பழசென்று கடைக்காரரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் போர்த் தண்ணிதான் காரணம். காரத்தன்மையுள்ள தண்ணீரில் தோலின் சத்துகள் காற்றுப் பட்டதும் நிறம் மாறிவிடும். ஆற்றுக் குழாய்த் தண்ணீரில் வையுங்கள், இல்லையென்றால் 4 சொட்டு எலுமிச்சை விடுங்கள். இரும்புச் சட்டி கூடாது, கறுத்துவிடும். ஆறவைத்து, வெதுவெதுப்பாக நாளுக்கு 2 டம்ளர். இனிப்பு வேண்டுமென்றால் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஒரு சிட்டிகை. வடித்த பயிற்றை மேலும் வேகவைத்து, சின்ன வெங்காயமும் சீரகமும் தாளித்துக் கடைந்தால் மதியச் சோற்றுக்கு ஆச்சு. ஏற்கெனவே வயிற்றுப்போக்கு இருப்பவர்கள் இந்த நீரைக் குடிக்கக் கூடாது.

அடுத்தது வெள்ளைப்பூசணி. நாம் சமைப்பதைவிடத் திருஷ்டிக்கு உடைப்பதுதான் அதிகம். சமைத்தாலும் தோலைச் சீவி எறிந்துவிடுவோம். சீனர்களுக்கோ அந்தத் தோலே மருந்து. சிறுநீரை நன்றாக இறக்கும் என்பார்கள். சாம்பல் பூத்த தோலைத் தேங்காய் நாரால் நன்கு தேய்த்துக் கழுவி, அரைக்கிலோவைத் தோலோடு வெட்டி, இஞ்சித் துண்டு 2 சேர்த்து 30 நிமிடம் கொதிக்கவையுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். நீர் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிக்கவும்.

சீன மருத்துவக் கணக்கில் கோடை நெருப்பின் பருவம், இதயத்தின் காலம். கசப்பு இதயத்துக்குப் போகும் சுவை, அதனால் பாகற்காய் சேர்க்கலாம். மிதிபாகலை எண்ணெயில் முறுகப் பொரித்தால் பலன் தலைகீழ். 5 நிமிடம் வதக்கினால் போதும். கொள்ளும் பள்ளிபாளையம் சிக்கனும் மழை வரும்வரை கொஞ்சம் காத்திருக்கட்டும்.

வியர்வையை 'இதயத்தின் நீர்' என்கிறது இந்த மருத்துவம். அதனால் அளவாக வியர்க்க வேண்டும், அடக்கவும் கூடாது. தறிக்குடோனில் நனைந்த சட்டையோடு ஏசிக்குள் போய் உட்கார்ந்தால், திறந்த மயிர்க்கால் வழியே காற்றும் குளிரும் புகுந்து பிடரி பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் விளக்கம். துடைத்து, சட்டை மாற்றி, 15 நிமிடம் கழித்துப் போங்கள். பிடரியில் ஒரு துண்டு கிடக்கட்டும். பகல் 11 முதல் 1 மணி இதயத்தின் நேரம் என்பது அவர்கள் கணக்கு. அதையொட்டி 20 நிமிடம் கண்ணை மூடினால் போதும். ஒரு மணி நேரம் தூங்கினால் எழும்போது தலை கனக்கும்.

வெயிலில் குமட்டினால் 'நெய்குவான்' எனும் அக்குபிரஷர் புள்ளியை அழுத்தலாம். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டுக் கோட்டிலிருந்து அவரவர் விரல் மூன்றின் அகலம் முழங்கைப் பக்கமாக மேலே, இரண்டு தசைநாணுக்கும் நடுவில் உள்ளது. கட்டைவிரலால் ஒரு நிமிடம், பிறகு அடுத்த கை.

ஆனால் உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ புள்ளியும் வேண்டாம், பயிற்று நீரும் வேண்டாம். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீச ஆரம்பித்ததும் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் கணக்கு மாறும். வெக்கை இறங்கி ஈரம் ஏறும். அப்போது பயிற்று நீரை நிறுத்திவிட்டு நொய்க்கஞ்சிக்கு மாறிக்கொள்ளுங்கள், சூடாக, இஞ்சி கொஞ்சம் தூக்கலாக.