0.497 எலக்ட்ரான் வோல்ட்

ஜூன் 4, காவேரிப்பட்டணம்

லீவுக்கு வந்து மூன்று நாளாகிறது. தோப்பில் பெங்களூரா மாங்காய் பறிப்பு. அப்பா விடியற்காலையிலேயே போய்விடுகிறார்.

கிராஃபீன் என்பது ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாள். அதில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் பட்டைகளைக் கணக்கிடும் புரோகிராமை இன்று எழுதி முடித்தேன். 1947-ல் இயற்பியலாளர் வாலஸ் காகிதத்தில் போட்ட அதே கணக்குதான். ஓர் எலக்ட்ரான் பக்கத்து அணுவுக்குத் தாவும் ஆற்றலை 2.7 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்து, எலக்ட்ரானின் உந்தங்களை 40-க்கு 40 புள்ளிகள் கொண்ட வலையாகப் பிரித்து ஓட்டினேன். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே 0.497 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி என்கிறது. கிராஃபீனில் இடைவெளியே கூடாது. மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் டிராக் புள்ளி என்னும் உந்தத்தில் முனைக்கு முனை தொட வேண்டும். வரி வரியாக மூன்று தடவை படித்தும் தப்பு கண்ணில் படவில்லை.

ஜூன் 5

மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லை. நோட்டில் கையால் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கார்பனுக்கும் 0.142 நானோமீட்டர் தள்ளி மூன்று அண்டை அணுக்கள். டிராக் புள்ளியில் அந்த மூன்றிலிருந்தும் வரும் அலைகள் 0, 120, 240 டிகிரியில் சேர்கின்றன. ஒரு வளையத்தில் மூன்று கயிறு கட்டி, சமபலமுள்ள மூன்று பேர் மூன்று பக்கமும் இழுத்தால் வளையம் நகராது. அதுபோல் கூட்டுத்தொகை சுழி. கைக்கணக்கில் இடைவெளி இல்லை. லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது.

ஜூன் 6

வெள்ளிக்கிழமை. அம்மா வாசலில் 15-லிருந்து 8 வரை ஊடுபுள்ளி வைத்தாள். நானும் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு அறுகோணத்தின் நடுப்புள்ளியையும் விரலால் அழித்தேன். மிஞ்சியவைதான் கிராஃபீனின் கார்பன் அணுக்கள். அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றுக்குக் காவி வைத்தேன். எந்த வெள்ளைப் புள்ளியை எடுத்தாலும் அதன் அண்டை மூன்றும் காவிதான்.

"எல்லாம் ஒரே புள்ளிதானேடி, எதுக்கு ரெண்டு கலரு?" என்றாள்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். வெள்ளைக்கு வலப்பக்கம் ஒரு காவி, இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு. காவிக்கு அப்படியே இடவலம் மாறும். அணு ஒன்றே, நிற்கும் வாகு இரண்டு. அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆமா, திரும்பி நிக்குது" என்றாள்.

ஜூன் 7

கண்டுபிடித்துவிட்டேன்! டிராக் புள்ளி இருக்கும் இடம் வலையின் ஒரு பக்கத்தில் மூன்றில் ஒன்று, மறுபக்கத்தில் மூன்றில் இரண்டு. 40 மூன்றால் வகுபடாது. 13-ஐ 40-ஆல் வகுத்தால் 0.325, அடுத்தது 0.35. என் வலை அந்தப் புள்ளியை மிதிக்காமலே தாண்டிப் போயிருக்கிறது. 40-ஐ 42 ஆக்கியதும் இடைவெளி மாயமாகிவிட்டது. இரண்டு நாள் தூக்கம் போனது இதற்காகத்தான்.

2004-ல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் கிராஃபைட்டிலிருந்து ஒட்டும் டேப்பால் கிராஃபீனை உரித்தெடுத்து அளந்த மின்கடத்தல் முழுவதும் இந்தப் புள்ளியைச் சுற்றித்தான் நடக்கிறது. அங்கே எலக்ட்ரான் நிறையில்லாத துகள்போல விநாடிக்கு ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒளியின் வேகத்தில் 300-ல் ஒரு பங்கு. ஆற்றல் நிலைகளே அற்றுப்போகும் அந்த முனையில்கூடக் கடத்துதிறன் சுழியாவதில்லை. கிராஃபீன் டிரான்சிஸ்டரை முழுதாக அணைக்க முடியாமல் போவது அதனால்தான்.

ஜூன் 9

புரோகிராமில் வெள்ளை அணுவுக்கும் காவி அணுவுக்கும் வேறு வேறு ஆற்றல் கொடுத்தேன். மாற்றியது இரண்டே வரி. மூன்று கயிறும் இன்னும் சமமாகவே இழுக்கின்றன, ஆனால் இடைவெளி திறந்துகொண்டது, சரியாக அந்த இரண்டு ஆற்றல்களின் வித்தியாச அளவுக்கு.

தேன்கூட்டு வடிவம்தான் கிராஃபீனின் ரகசியம் என்று எழுதுவதைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. போரான் நைட்ரைடும் அதே தேன்கூடுதான். அணிக்கோவை நீளம், அதாவது வடிவம் திரும்ப வரும் தூரம், கிராஃபீனில் 0.246 நானோமீட்டர், அதில் 0.250. ஆனால் வெள்ளை இடத்தில் போரான், காவி இடத்தில் நைட்ரஜன். இடைவெளி சுமார் 6 எலக்ட்ரான் வோல்ட், முழு மின்காப்பு! மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஒற்றை அடுக்கும் மேலிருந்து பார்த்தால் தேன்கூடுதான். அதற்குச் சுமார் 1.8, அதில் செய்த டிரான்சிஸ்டர் நன்றாக அணையும். வெள்ளையும் காவியும் ஒன்றாக இருப்பதில்தான் கிராஃபீன் நிற்கிறது.

வித்தியாசத்தை 0.05 ஆகக் குறைத்து, 3000-க்கு 3000 வலையில் கடத்துதிறன் கணக்கை ஓடவிட்டிருக்கிறேன். 3000 மூன்றால் வகுபடும், பார்த்துக்கொண்டேன். மாங்காய் லோடு லாரி தெருவில் நிற்கிறது. கரண்ட் மட்டும் விடியும்வரை நிற்காமல் இருக்க வேண்டும்.