சிவனொளிபாதமலையில் மேற்குப் பக்கம்

சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சூரிய உதயத்தைக் கணக்குப் பண்ணியே நள்ளிரவு தாண்டி மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியிலிருந்து புறப்படுகிறார்கள். உதயம் அழகுதான். ஆனால் அந்த மலையின் உண்மையான அதிசயம் அதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் விழும் நிழல் என்றே நான் சொல்வேன்.

2,243 மீட்டர் உயரமுள்ள இச்சிகரம் இலங்கையிலேயே உயர்ந்தது அன்று. அந்தப் பெருமை பிதுருதலாகலைக்கு உரியது. ஆயினும் மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில் கூம்பாகத் தனித்து நிற்பதால், பார்த்தவர் எவரும் இதை வேறொன்றாக எண்ண மாட்டார்கள். உச்சியிலுள்ள பாதச்சுவட்டைச் சைவர்கள் சிவனுடையதென்றும், பௌத்தர்கள் புத்தருடையதென்றும், முஸ்லிம்கள் ஆதமுடையதென்றும் போற்றுகின்றனர். 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, பாறையில் பொருத்தியிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இன்றோ 5,000க்கும் மேற்பட்ட படிகள். படிதானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம்: ஒன்று சாண் உயரம், அடுத்தது முழங்காலைத் தொடும், ஆகவே மூச்சுக்கும் காலுக்கும் ஒரு தாளம் அமைவதே இல்லை. கடைசிப் பகுதியில் கைப்பிடிக் கம்பி பனியில் சில்லிட்டிருக்கும். கம்பளிக் குல்லாயுடன் படியோரம் குந்தியிருக்கும் பாட்டிமார், சற்று இளைப்பாறிவிட்டு, நம்மை முந்திக்கொண்டு ஏறிப் போவார்கள்.

சூரியன் எழுந்ததும் கூட்டம் முழுவதும் கிழக்குச் சுவரில் நெருக்கியடிக்கும். அந்த நேரத்தில் மேற்கே வந்து நின்றால், தாழ்நிலத்து மூடுபனியின்மேல் கருநீல முக்கோணம் ஒன்று, வரைகோல் வைத்துக் கீறியதுபோல் நேரான விளிம்புகளுடன் நெடுந்தூரம் நீண்டு கிடக்கும். மலையின் வடிவம் அவ்வளவு சீரானதன்று. நிழல் வெகுதொலைவு ஓடுவதால் அதன் இரு ஓரங்களும் ஒரு புள்ளியில் கூடுவதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. வேறு மலைகளிலும் இது நிகழும், எனினும் இங்கே மேற்கில் மறைப்பதற்கு உயர்ந்த மலையேதும் இல்லாததால் முக்கோணம் முழுதாகக் கிடைக்கிறது. வெயில் ஏற ஏற நிழல் மலையடியை நோக்கிச் சுருங்கி, சிறிது நேரத்திலேயே கலைந்துவிடும்.

டிசம்பர் போயா எனும் பௌர்ணமி நாள் முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் யாத்திரைக் காலம். அப்போதுதான் வழியெங்கும் விளக்கும், சூடான பிளேன்டீ தரும் கடைகளும் இருக்கும். போயா நாளையும் வார இறுதியையும் தவிர்த்துவிடுங்கள், இல்லையேல் உச்சிக்குச் சற்றுக் கீழேயே வரிசையில் நின்று பொழுது விடிந்துவிடும். இறங்கும்போது முழங்கால் படும் பாடு தனி. ஒரு கைத்தடி கொண்டுபோவது நல்லது.