வி-கிராஸ் பிக்கப்பில் ஃபார்ச்சூனர் வீல் ஏறிய கதை

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். உத்திரமேரூர் பக்கம் கொஞ்சம் நிலம் இருப்பதால் உர மூட்டை, மோட்டார், பைப் என்று பின்னால் எப்போதும் ஏதாவது ஏறும். மற்ற நாட்களில் குடும்பம் போவதும் அதே வண்டியில்தான். வாங்கும்போதே 16 அங்குல அலாய் வீல்களில் இரண்டுக்கு உள்விளிம்பு நெளிந்திருந்தது. ஒன்றை யாரோ தட்டி நிமிர்த்தியிருந்தார்கள், அதில் காற்று நிற்கவே இல்லை. ஒரிஜினல் வீல் புதிதாக நான்கு வாங்க விலை கட்டுப்படியாகவில்லை.

டொயோட்டா ஃபார்ச்சூனர் வாங்குகிறவர்களில் பலர் பெரிய அலாய் போட்டுக்கொண்டு கம்பெனி வீலை அப்படியே விற்றுவிடுவார்கள். அந்த மாதிரி 17 அங்குல செட்டுகள் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். இரண்டு வண்டிக்கும் ஆறு போல்ட்தான், பிசிடியும், அதாவது அந்த போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டமும், ஒன்றேதான்: 139.7 மி.மீ. கடைக்காரர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஆறு ஓட்டை சார், அப்படியே ஏறிடும்." ஏறும், உண்மைதான். ஆனால் ஏறுவது வேறு, உட்காருவது வேறு. ஓட்டை பொருந்துவதைத் தாண்டி ஆஃப்செட், நடு ஓட்டை, நட் உட்காரும் இடம், டயர் தாங்கும் எடை என்று நான்கு விஷயம் இருக்கிறது. அந்த நான்கையும் பார்த்து முடிப்பதில்தான் இந்த வேலையின் முக்கால் பங்கும் போனது.

முதலில் ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (வண்டியில் வீலை மாட்டுகிற மையப் பகுதி) ஒட்டும் முகம் எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. என் பழைய ரிம் 7 அங்குல அகலம், ஆஃப்செட் 33. ஃபார்ச்சூனர் ரிம் 7.5 அங்குலம், ஆஃப்செட் 30. கணக்குப் போட்டால் உள்பக்கம் 3 மி.மீ. சொச்சம் கூடும், வெளிப்பக்கம் 9 மி.மீ. சொச்சம் கூடும். இது சமாளிக்கக்கூடிய மாற்றம்.

அதே கடையில் 2016-க்குப் பிறகு வந்த ஃபோர்டு எண்டவரின் 18 அங்குல செட் ஒன்று பளபளவென்று இருந்தது, விலையும் குறைவு. அதுவும் ஆறு ஓட்டை, அதே 139.7. ஆனால் ரிம் 8 அங்குலம், ஆஃப்செட் 55. அப்படியென்றால் உள்பக்கம் மட்டும் கிட்டத்தட்ட 35 மி.மீ. நுழையும். முன்பக்கம் சஸ்பென்ஷனின் அப்பர் ஆர்மில் போய் முட்டும். நடு ஓட்டையும் 93.1 மி.மீ.தான், என் வண்டியின் ஹப் 100.1. ஓட்டையை லேத்தில் பெரிதாக்கி, வீலை வெளியே தள்ளுகிற ஸ்பேசரும் வைத்தால்தான் மாட்ட முடியும். பின்னால் சுமை ஏற்றுகிற வண்டியில் அப்படி ஒரு ஏற்பாட்டை நான் நம்பவில்லை. இன்னொருவர் இன்னோவாவின் ஐந்து ஓட்டை ரிம்மைக் காட்டி, பழைய ஓட்டையை அடைத்துப் புதிதாக ஆறு போட்டுத் தருவதாகச் சொன்னார். வார்ப்பு அலுமினியத்தில் போல்ட் பிடிக்கிற இடத்திலேயே வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுகிற வேலை. யார் சொன்னாலும் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

ஆஃப்செட்டைக் கடைக்காரர் வாய்வார்த்தையில் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல ரிம்களில் உள்பக்கம் ஸ்போக்கின் முதுகில் அளவு வார்த்திருக்கும். இல்லாவிட்டால் அளந்துவிடலாம். வீலை முகம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து, மேலே ஒரு நேரான பட்டையைக் குறுக்கே போட்டு, அதிலிருந்து ஹப் முகம் வரை ஆழம் எடுக்க வேண்டும். அந்த ஆழத்திலிருந்து ரிம்மின் மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் ஆஃப்செட். இங்கே 7.5 அங்குலத்தைப் போட்டால் கணக்கு தவறும். அது டயர் உட்காரும் இரு ஓரங்களுக்கு நடுவில் உள்ள அளவு. விளிம்புக்கு விளிம்பு அளந்தால் இன்னும் ஒரு அங்குலம் போல கூட வரும். எனக்கு மொத்த அகலம் ஏறக்குறைய 216, ஆழம் 138 வந்தது. 138-ல் 108 போக 30.

செட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பார்த்தது உள்பக்கம்தான். வெளியே பவுடர் கோட்டிங் அடித்தால் எல்லாம் புதுசுதான். ஸ்போக்கும் டயர் உட்காரும் பீப்பாய்ப் பகுதியும் சேருகிற மூலையில் விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒரு வீலில் மேடு தட்டியது. பெயிண்டைச் சுரண்டினால் வெல்டிங் தழும்பு. அதை மாற்றித் தரச் சொல்லி, நான்கையும் பக்கத்து டயர் கடையில் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

அடுத்தது நடு ஓட்டை. ஃபார்ச்சூனர் ரிம்மில் 106.1, என் ஹப் 100.1. சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி. அதை அப்படியே விட்டால் வீல் சரியாக நடுவில் உட்காராமல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். இதற்கு, அந்த இடைவெளியை நிரப்புகிற ஹப் ரிங் என்ற வளையம் போட வேண்டும். பிளாஸ்டிக்கில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. பிரேக் சூடு படுகிற இடம் என்பதால் அலுமினியத்தில் செய்ய முடிவெடுத்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன்.

அங்கிருந்த டர்னர் அண்ணன் நான் எழுதிக்கொண்டு போன காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "வண்டியையும் வீலையும் கொண்டா தம்பி, பேப்பர்ல இருக்கிற அளவுக்கு நான் கடைய மாட்டேன்" என்றார். வண்டியைக் கொண்டுபோனதும் நான்கு ஹப்பையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். பிறகு உருட்டுக் கம்பியை லேத்தின் பிடியான சக்கில் பிடித்து, உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் ஒரே பிடியில் கடைந்து முடித்த பிறகுதான் ரிங்கை அறுத்து எடுத்தார். காரணம் கேட்டேன். "சுவர் 3 மில்லிதான். அறுத்ததுக்கு அப்புறம் சக்குல பிடிச்சா மூணு தாடையும் அமுக்கி வட்டம் போயிடும்." உள்விளிம்பில் சின்னதாக ஒரு சரிவும் வைத்தார். ஹப்பின் அடியில் இருக்கிற வளைவில் ரிங் இடித்து, வீல் முழுதாக ஒட்டாமல் போகக்கூடாது என்பதற்காக. ரிங் கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், சுத்தியலும் தேவைப்படக்கூடாது, ஆடவும் கூடாது. அவர் செய்த நான்கும் அப்படியே இருந்தன. இப்படி ஒரு கைவேலையை நின்று பார்த்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இப்போது நட். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். என் வண்டியின் நட்டுகள் கூம்பு முனை கொண்டவை, பழைய ரிம்மின் ஓட்டையிலும் அதே கூம்புப் பள்ளம் இருக்கும். டொயோட்டாவின் பல அலாய்களில் ஓட்டை நேராக இருக்கும், மேலே தட்டையான தளம் இருக்கும். அதற்குரிய நட்டில் ஓட்டைக்குள் நுழைகிற ஒரு கழுத்தும், தட்டையான வாஷரும் உண்டு. நான் வாங்கிய செட் அந்த வகை. இரண்டு வண்டிக்கும் மரை ஒன்றுதான், 12 மி.மீ. தடிமன், 1.5 பிட்ச் (ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும்). அதனால் பழைய கூம்பு நட்டும் இதில் ஏறி இறுகும், பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் கூம்பு, ஓட்டையின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் பட்டுக்கொண்டு நிற்கும். ஓட ஓட அந்த ஓரம் நசுங்கும், நட் தளரும். ஆகவே 24 நட்டும் கழுத்து வைத்த டொயோட்டா வகையில் புதிதாக வாங்கினேன். நட் கழுத்தின் நீளம் ஓட்டையின் ஆழத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீலை அழுத்தாமல் ஹப்பில் போய் முட்டி நின்றுவிடும். மரை எவ்வளவு பிடிக்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. போல்ட்டின் தடிமன் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும், அதாவது இந்த மரையில் 8 முழுச் சுற்று. எண்ணிப் பார்த்தேன், அதற்கு மேலேயே பிடித்தது.

டயர் விஷயத்தில் இரண்டு மனசாக இருந்தது. பழையது 245/70 ஆர்16, உயரம் 749 மி.மீ. ஸ்கார்பியோ-என் வண்டிக்கு வருகிற 245/65 ஆர்17 போட்டால் 750 வருகிறது, ஸ்பீடோமீட்டர் அப்படியே இருக்கும். ஆனால் கடையில் இருந்த டயரில் லோடு எண் 107, அதாவது ஒரு டயருக்கு 975 கிலோ. என் பழைய டயரில் 111 என்று இருந்தது, 1090 கிலோ. மூட்டை ஏற்றுகிற வண்டியில் அந்த எண்ணைக் குறைக்க நான் தயாராக இல்லை. ஃபார்ச்சூனரின் 265/65 ஆர்17 போட்டேன். அதில் 112, அதாவது 1120 கிலோ. உயரம் 776. மீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 83-க்கு அருகில் போவோம், இதை மனதில் வைத்துத்தான் ஓட்டுகிறேன். ரிம்மின் பலத்தைப் பற்றிக் கவலை இருந்தது. ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸ் பிக்கப்பும் ஒரே தளத்தில் உருவானவை என்பது எனக்குத் தைரியம் கொடுத்தது.

மாட்டும்போது ஏர் கன்னைத் தொடவிடவில்லை. நட்டைக் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச். வீலைக் கையால் சுற்றி பிரேக் காலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் இடைவெளி பார்த்தோம், தாராளமாக இருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தபோது முன் மட் ஃப்ளாப்பில் டயர் உரசியது. ஸ்க்ரூவைக் கழற்றிப் பின்னால் தள்ளி மாட்டி, உள் பிளாஸ்டிக்கை ஹீட் கன்னால் சூடாக்கி அழுத்தியதும் சரியாகிவிட்டது. அப்புறம் உர மூட்டை ஏற்றி ஊர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், பின்னால் எங்கும் படவில்லை. முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி டார்க் பார்க்க வேண்டும். பார்த்ததில் சில நட்டுகள் லேசாகத் திரும்பின. ஸ்டியரிங் சற்றுக் கனமாகியிருக்கிறது, நெடுஞ்சாலையில் நடுக்கம் அறவே இல்லை.

சட்டப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டேன், பழைய வீல்களையும் விற்கவில்லை.

பலர் மறப்பது ஸ்டெப்னியை. எனக்குக் கிடைத்தது நான்கு ரிம்தான், ஆகவே வண்டிக்கு அடியில் தொங்குவது இன்னும் பழைய 16 அங்குலம். அதற்குக் கூம்பு நட்தான் பொருந்தும். பழைய நட்டுகளில் ஆறை ஒரு பையில் போட்டு ஜாக்கோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன், ஓட்டுகிற எல்லாரிடமும் சொல்லியும் இருக்கிறேன். ஸ்டெப்னியின் உயரம் 27 மி.மீ. குறைவு என்பதால் அதை மாட்டியிருக்கும்போது ஃபோர் வீல் டிரைவைப் போடவே கூடாது. பக்கத்து பஞ்சர் கடை வரை மெதுவாகப் போகத்தான் அது. ஐந்தாவது ரிம் ஒன்று கிடைத்தால் தகவல் சொல்லும்படி புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறேன்.