டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு நெகட்டிவ்

அக்கா மகளுக்குக் காதுகுத்து. கோவில்பட்டி பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில். கோடக் கோல்ட் 200 கலர் ஃபிலிம், ஒரே ரோல், 36 படம். தம்பி மடியில் பாப்பா, எதிரே ஊசியோடு ஆசாரி. அந்த நொடி இனி வராது.

சென்னை திரும்பிய மறுநாள் இரவு குளியலறையில் டெவலப் செய்தேன். ரீலிலிருந்து உருவியதும் நெஞ்சு பகீரென்றது. இரண்டு படங்களுக்கு நடுவே ஃபிலிம் தெளிந்த ஆரஞ்சாக இருக்க வேண்டும். இதுவோ காப்பி டிகாக்‌ஷன் மாதிரி கலங்கிக் கிடந்தது. ஸ்கேன் செய்தால் அக்காவின் கிளிப்பச்சைப் புடவை சாம்பல் பூத்து, முகமெல்லாம் மணல் தூவினாற்போல்.

இப்படி நேர்ந்தால் முதலில் படத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். அங்குள்ள எண்களும் எழுத்துகளும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்தவை. படத்தை வெளிக்கொண்டுவரும் முதல் கரைசலான டெவலப்பர் பட்டால்தான் தெரியும். எண்ணும் இல்லை, படமும் இல்லை என்றால் டெவலப்பர் கெட்டுப்போயிருக்கிறது, அல்லது வரிசை மாறி, அதற்கு அடுத்து ஊற்ற வேண்டிய ப்ளிக்ஸ் கரைசல் முதலில் போயிருக்கிறது. எண் பளிச்சென்று இருந்து படம் மட்டும் இல்லையென்றால் ஃபிலிமில் வெளிச்சமே படவில்லை. பெரும்பாலும் கேமராவில் ஃபிலிம் நகராமலே இருந்திருக்கும். எனக்கு எண்கள் அழுத்தமாக இருந்தன. அதாவது டெவலப்பர் தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு அதற்குப் பிறகு.

கலர் நெகட்டிவை டெவலப் செய்யும் சி-41 முறையில் டெவலப்பர் சாயத்தோடு சேர்த்து வெள்ளியையும் உருவாக்குகிறது. அந்த வெள்ளியை ப்ளீச் மறுபடி உப்பாக்கும், ஃபிக்ஸர் அதைக் கரைத்து எடுக்கும். என்னிடம் இருந்தது இரண்டும் ஒன்றாய்க் கலந்த ப்ளிக்ஸ். கலக்கி இரண்டு மாதம், எட்டு ரோல் ஓடியிருந்தது. டெவலப்பருக்குக் காற்று ஆகாது என்று பாட்டிலை விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடுவேன். ப்ளிக்ஸையும் அதேபோல் மூடிவைத்ததுதான் நான் செய்த தவறு. ப்ளீச்சில் இருக்கும் இரும்பு, வேலை செய்து களைத்தபின் காற்றிலுள்ள ஆக்சிஜனால்தான் மீண்டும் தெம்பு பெறுகிறது. அது ஓய்ந்துபோனதால் வெள்ளி ஃபிலிமிலேயே தங்கிவிட்டது.

ரோலின் கடைசியில் இருந்த வெற்றுத் துண்டை வெட்டி, புதிதாகக் கலக்கிய ப்ளிக்ஸில் 38 டிகிரியில் எட்டு நிமிடம் போட்டேன். கலங்கல் போய் ஆரஞ்சு தெளிந்தது! பிறகு முழு ரோலையும் தண்ணீரில் ஊறவைத்து, ரீலில் ஏற்றி, அதே ப்ளிக்ஸ். இருட்டு தேவையில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டே செய்யலாம். டேங்கில் வாயு சேரும், மூடியை அவ்வப்போது லேசாகத் திறந்துவிட வேண்டும். நன்றாக அலசி, கடைசியாக, ஃபிலிம் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கரைசல். அதை டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்குகிறேன். எங்கள் போர்த் தண்ணீர் காய்ந்தால் உப்புத் திட்டு விழும்.

டெவலப்பரில் நேரும் பிழைக்கு இப்படி மறுவாய்ப்பு கிடையாது. 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 விநாடி. சூடு தவறினால் மூன்று வண்ண அடுக்குகளும் ஒரே சீராக வளராது. நிழல் ஒரு சாயலில், வெளிச்சம் வேறு சாயலில் வரும், ஸ்கேனரில் இரண்டையும் ஒருசேரச் சரிக்கட்ட முடியாது. கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது என்பதால் இரவில் மட்டுமே செய்கிறேன்.

மறுநாள் காலை திரும்ப ஸ்கேன் செய்தேன். பதினேழாவது படம். பாப்பா வாயைத் திறந்து வீறிடுகிறாள், ஆசாரியின் விரல் நுனியில் சந்தனம், பின்னால் அக்காவின் புடவை, கிளிப்பச்சையாகவே.